பந்தயப் புறாவுக்கு என்ன தீனி? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் அப்பா புறா வளர்த்த நாளில், காலையில் பால் டின்னில் தானியத்தைப் போட்டுக் குலுக்குவது என் வேலை. அந்தச் சத்தம் கேட்டால் போதும், கூரைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் புறாக்கள் எல்லாம் என் காலடியில் வந்து இறங்கும். இன்று என் தரைவீட்டின் பின்கட்டில் பதினாறு ஹோமர் புறாக்கள் இருக்கின்றன. தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்கே பறந்து திரும்பும் பந்தயப் புறா அது. பால் டின்னும் இருக்கிறது.

தீனியைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பலவிதம். இங்கேயே சிறிய அளவில் வளர்ப்பவர்கள் உண்டு. ஜொகூரில் கூண்டு வைத்திருக்கும் உறவினர்கள் உண்டு. சென்னையின் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் தம்பியை நம்பிப் புறாவை விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள்தான் மிகுதி. இரவு வேலை முடிந்ததும் கைப்பேசியில் புறாவின் படத்தை அனுப்பி, "அண்ணே, இது இளைத்த மாதிரி இருக்கிறதே, என்ன போடச் சொல்லட்டும்?" என்று கேட்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எது சிறந்த கலவை? ஒரே வரியில் சொல்லுங்கள்.

புதிய தானியத்தால் ஆன கலவை. விகிதம் இரண்டாவது. பழைய, ஈரம் ஏறிய மக்காச்சோளத்தை எந்த விகிதத்தில் கலந்தாலும் அது கெட்ட தீனிதான்.

தானியத்துக்கு உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாங்கிய பயற்றிலும் கோதுமையிலும் இருபது இருபது மணிகளை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி, ஒரு தட்டில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்குப் பச்சைப்பயறு மறுநாளே முளை காட்டும். கோதுமைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இருபதில் பதினெட்டு முளைத்தால் நல்ல சரக்கு. பத்துக்குக் கீழே போனால், அந்த மூட்டை எவ்வளவு மலிவாக வந்திருந்தாலும் என் கூண்டுக்குள் நுழையாது.

ஐரோப்பிய தீனி அட்டவணைகளை அப்படியே பின்பற்றலாமா?

வேண்டாம். பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் பந்தயப் புறா வளர்ப்பு நன்கு வளர்ந்த கலை. அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அவர்களுடைய அட்டவணை குளிர்காலம், இனப்பெருக்கக் காலம், பந்தயக் காலம், இறகு உதிரும் காலம் என்று ஆண்டைப் பிரிக்கிறது. குளிரில் உடல் சூட்டைக் காக்கவே அங்கே புறாவுக்குக் கூடுதல் தீனி வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு பத்து நிமிடம்கூட இல்லை. குளிர்காலம் என்ற ஒன்றே இல்லாத ஊரில் குளிர்காலக் கலவைக்கு என்ன வேலை?

இங்கே நாட்காட்டியைப் பார்க்காமல் புறாவின் வேலையைப் பாருங்கள். சும்மா இருக்கிறதா, குஞ்சு ஊட்டுகிறதா, இறகு மாற்றுகிறதா, பறக்கிறதா? ஒரே கூண்டில் ஒரே வாரத்தில் இந்த நான்கு நிலையிலும் புறாக்கள் இருக்கும். அதனால்தான் என் கூண்டை நடுவில் தடுத்து இரண்டாக்கி வைத்திருக்கிறேன்.

ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

வளர்ந்த ஹோமர் 400 முதல் 500 கிராம் எடை இருக்கும். அதற்கு நாளொன்றுக்கு 30 கிராம் அளவாகப் போதும். கடுமையாகப் பறக்கும் வாரத்தில் 35, சில புறாக்களுக்கு 40. குஞ்சு ஊட்டும் ஜோடிக்கு அளவே பார்க்காதீர்கள்.

என் பால் டின்னில் கலவையைத் தலைதட்டி அளந்தால் தராசில் 250 கிராம் காட்டுகிறது. எட்டுப் புறாவுக்கு ஒரு நாள் தீனி அது. உங்கள் டின்னை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எண்ணை அதன்மேலேயே எழுதிவிடுங்கள். "கையால் ஒரு பிடி" என்று போடும் வீட்டில் பிடி நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகும், பாசத்தால்.

தராசு இல்லாதவர்களுக்குப் பழைய புறாக்காரர்களின் வழி ஒன்று உண்டு. கலவையில் தோலுள்ள பார்லி கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். புறாவுக்குப் பார்லியின்மேல் பெரிய ஆசை கிடையாது. மக்காச்சோளத்தையும் பட்டாணியையும் முதலில் பொறுக்கும், பிறகு கோதுமை, கடைசியில்தான் பார்லி. தட்டில் பார்லி மட்டும் மிஞ்ச ஆரம்பித்தால் வயிறு நிறைந்துவிட்டது, தட்டை எடுத்துவிடலாம்.

தேக்காவில் வாங்கிய தானியத்தைப் போடலாமா?

தாராளமாக. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கம்பு, பச்சைப்பயறு, பட்டாணி, முழுக்கோதுமை, வெள்ளைச் சோளம் எல்லாம் கிடைக்கின்றன. மனிதர் உண்ணும் தரம் என்பதால் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆனால் பெயர்களில் கவனம் வேண்டும்.

"சோளம்" என்று சிங்கப்பூரில் சொன்னால் மக்காச்சோளம். தமிழ்நாட்டில் சொன்னால் பல ஊர்களில் வெள்ளைச் சோளம். இரண்டும் வேறு வேறு தானியம். மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட கலவையில் "சோளம் நாற்பது" என்று இருந்தது. ஊரில் தம்பி அதை வெள்ளைச் சோளமாகக் கலந்து மூன்று வாரம் போட்டிருக்கிறார். புறாவுக்குக் கேடு ஒன்றும் இல்லை; பந்தயத்துக்கு வேண்டிய கொழுப்புதான் குறைந்துபோனது. அன்றிலிருந்து மக்காச்சோளம் என்று முழுப்பெயரை எழுதுகிறேன். மக்காச்சோளத்திலும் பெரிய மணியைவிடப் பாப்கார்ன் பொரிக்கும் சிறிய மணி நல்லது. புறா மென்று தின்னாது, அப்படியே விழுங்கும்; சிறிய மணி எளிதாக இறங்கும்.

பார்லியிலும் இதே தொல்லை. பார்லித் தண்ணீர் காய்ச்ச நாம் வாங்குவது தோல் நீக்கித் தீட்டிய வெள்ளைப் பார்லி. தோலின் நார்ச்சத்து போய்விட்ட அந்தப் பார்லி நமக்கு வேண்டியதில்லை. தோலோடு இருக்கும் முழுப் பார்லியைப் பறவைத் தீனிக் கடையில் கேளுங்கள்.

பருப்பு வகையில் முழுதாக இருப்பது மட்டும். உடைத்த பட்டாணியும் பாசிப்பருப்பும் காற்றுப்பட்டுச் சத்திழந்தவை. ராஜ்மாவைப் பச்சையாகப் போடவே கூடாது, அதில் நஞ்சு உண்டு. பச்சைச் சோயாவும் செரிக்காது. விதைப்பதற்கென்று மருந்து தடவி விற்கும், இளஞ்சிவப்பு அல்லது பச்சைச் சாயம் பூசிய விதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

நீங்கள் போடும் கலவையின் விகிதம் என்ன?

பறக்கும் புறாவுக்கு, 100 பங்கில்: மக்காச்சோளம் 40, வெள்ளைச் சோளம் 20, கோதுமை 15, பச்சைப்பயறும் பட்டாணியும் சேர்ந்து 15, குசும்பா என்ற எண்ணெய் விதை 10.

இதில் புரதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு, வெள்ளைச் சோளத்தில் 10, கோதுமையில் 12, பயற்றில் 24, குசும்பாவில் 16 என்று வையுங்கள். பங்கோடு பெருக்கிக் கூட்டினால் 12.6 வருகிறது. பறக்கும் புறாவுக்கு 12 முதல் 14 வரை இருந்தால் சரி.

குஞ்சு ஊட்டும் ஜோடிக்கு: பயறும் பட்டாணியும் 35, மக்காச்சோளம் 25, வெள்ளைச் சோளம் 20, கோதுமை 20. கணக்குப் பார்த்தால் 15 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.

சும்மா இருக்கும் புறாவுக்கு முழுப் பார்லி 30, கோதுமை 25, வெள்ளைச் சோளம் 25, கம்பு 10, பயறு 10. மக்காச்சோளம் இல்லை. ஓய்வில் இருக்கும் புறா கொழுத்தால், அதைப் பிறகு இளைக்கவைத்துப் பறக்கவிடுவது பெரும்பாடு.

பருப்பு அதிகம் போட்டால் பலம் அதிகம் வருமா?

அதிகம் பேர் நம்பும் தவறு இது. புரதம் தசையைக் கட்டும், பழுது பார்க்கும். ஆனால் மணிக்கணக்கில் பறக்கும் புறாவின் நெஞ்சுத்தசை எரிப்பது பெரும்பாலும் கொழுப்பை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4 என்பது பள்ளியில் படித்ததுதான். தானியத்தின் மாவுச்சத்தைப் புறாவின் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கும். அதற்கு ஓரிரு நாள் ஆகும். பந்தய நாள் காலையில் வயிறு முட்டப் போடும் தீனியால் ஒரு பயனும் இல்லை, சுமைதான். மிதமிஞ்சிய பருப்பு சிறுநீரகத்துக்கு வேலை வைக்கும். எச்சம் நீர்த்துப்போவதில் அது தெரியும்.

பந்தய வாரத்தில் நாளுக்கு நாள் எப்படி மாற்றுவது?

தூரத்தைப் பார்த்து. மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் அளவு. காற்று எதிர்க்காமல் இருந்தால் நல்ல புறாவுக்கு மூன்று மணி நேர வேலை. அந்தத் தூரத்துக்குக் கொழுப்பு விதையை மூட்டையாகக் கொட்ட வேண்டாம்; கனத்த புறா பின்தங்கும். சென்னைக்காரர்கள் வடக்கே விஜயவாடாவில் விடும்போது ஏறத்தாழ 380 கிலோமீட்டர், நாக்பூர் என்றால் 900. அங்கே கதையே வேறு.

சனிக்கிழமைப் பந்தயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் திங்களும் பார்லியும் கோதுமையும் அதிகமுள்ள இலேசான தீனி. செவ்வாயும் புதனும் சாதாரணப் பறக்கும் கலவை. புதன் மாலையிலிருந்து மக்காச்சோளத்தைக் கூட்டுகிறேன். 400 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வியாழனும் வெள்ளியும் குசும்பாவோடு சூரியகாந்தி விதையும் தலைக்கு ஒரு தேக்கரண்டி. வண்டியில் ஏற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே கடைசித் தீனி முடிந்துவிட வேண்டும். தண்ணீர் கடைசி நிமிடம் வரை இருக்கட்டும்.

திரும்பி வந்த புறாவுக்கு முதலில் தண்ணீர். நான் அதில் குளுக்கோஸ் கொஞ்சம் கலக்கிறேன். அரை மணி கழித்துக் கம்பும் கோதுமையும் சிறிதளவு. அன்று மாலையும் மறுநாளும் பயற்றைக் கூட்டுங்கள். தேய்ந்த தசை திரும்பக் கட்டுவது அப்போதுதான்.

நிலக்கடலை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நான் கொடுப்பதில்லை.

நிலக்கடலையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு, கால் பங்கு புரதம். நீண்ட தூரத்துக்கு அதைப்போல் தீனி இல்லை. தலைக்கு ஐந்தாறு பருப்பு, வறுக்காமல், உப்பில்லாமல். கச்சாங் பூத்தே என்று விற்கும் வறுத்த கடலையின் மிச்சத்தைப் போட்டுவிடாதீர்கள். சிக்கல் பூஞ்சையில் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதுவே அஃப்ளாடாக்சின். அதற்குப் பிடித்த வெப்பமும் ஈரமும் நம் ஊரில் ஆண்டு முழுவதும் இருக்கின்றன.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிசம்பர் மழைக்காலம். மலிவாகக் கிடைத்தது என்று கடலையும் மக்காச்சோளமும் மூட்டையாக வாங்கி, சிமெண்டுத் தரைமேல் அப்படியே சாய்த்து வைத்தேன். பத்து நாள் விடாத மழை. ஒருநாள் டின்னை உள்ளே விட்டு எடுத்தபோது தானியம் கையில் குளிர்ந்து ஒட்டியது. முகர்ந்தால் ஈரச் சாக்கு வாசம். அடியிலிருந்த கடலைகள் சிலவற்றில் மஞ்சள்பச்சைப் பொடி படிந்திருந்தது. அதற்குள் நான்கைந்து நாள் போட்டுவிட்டேன். சாம்பல் நிறப் பெட்டை ஒன்று, என் கூண்டிலேயே நல்ல தாய், தீனி எடுக்காமல் மூலையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைக்கவில்லை. எதனால் என்று சோதனை செய்து உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அந்த மூட்டையை அன்றே எறிந்தேன், அன்றிலிருந்து கடலை வாங்குவதையும் விட்டேன். கொழுப்புக்குக் குசும்பாவும் சூரியகாந்தியும் போதும்.

இந்த ஈரக்காற்றில் தானியத்தை எப்படிப் பாதுகாப்பது?

குறைவாக வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முதல் பதில் அதுதான். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். 25 கிலோ மூட்டையில் மிச்சமாகும் வெள்ளியை ஒரு புறாவின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் மூவர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

மூடி இறுகும் டப்பாவில், தரையில் படாமல், பலகைமேல். டப்பாவில் கொட்டும் முன் வெயில் அடிக்கும் நாளில் இரண்டு மணி நேரம் தாளில் பரப்பிக் காயவைத்து, நிழலில் ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். வண்டு வராமல் இருக்க, வாங்கியதும் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுக்கிறேன். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடவேண்டும். வண்டு துளைத்த தானியமா என்று அறிய, ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதெல்லாம் வெறும் கூடு.

மிஞ்சிய சோறு, அரிசி போடலாமா?

சோறு வேண்டாம், புளிக்கும். வெள்ளையரிசியை முதன்மைத் தீனியாக வைக்கவே கூடாது. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1890களில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் தேறுவதையும் கவனித்தார். அந்த வேலைக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. காசிமிர் ஃபங்க் லண்டனில் இதே ஆராய்ச்சியைப் புறாக்களை வைத்துத்தான் செய்தார். 1912இல் "வைட்டமின்" என்ற சொல்லை உருவாக்கியவர் அவர். தவிட்டில் இருந்தது பி1. தோலோடு இருக்கும் நெல், கைக்குத்தல் அரிசி, முழுக்கோதுமை எல்லாவற்றிலும் அது உண்டு.

ஒரு எச்சரிக்கை: கழுத்தை முறுக்கி வானம் பார்க்கும் புறாவைக் கண்டதும் பி1 குறைவு என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். வைரஸ் நோயிலும் அப்படித்தான் முறுக்கும், அது மற்றப் புறாக்களுக்கும் பரவும். தனியே பிரித்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

குஞ்சு பொரித்த உடனே குஞ்சுக்கு என்ன தீனி?

குஞ்சுக்கு ஒன்றும் வேண்டாம். அடைகாத்து 17, 18 நாளில் பொரித்ததும் தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும். முதல் சில நாள் அதுதான் உணவு, பிறகு மெல்ல மெல்லத் தானியம் கலக்கும். நாம் கவனிக்க வேண்டியது தாய் தந்தையின் தட்டை. முதல் வாரம் சிறிய மணிகளாகக் கொடுங்கள்: கம்பு, பயறு, கோதுமை. பெரிய மக்காச்சோளமும் பட்டாணியும் பத்தாம் நாளுக்குப் பிறகு வரட்டும்.

இறகு மாற்றும்போது?

புரதத்தைக் கூட்டுங்கள், ஆளி விதை தலைக்கு ஒரு சிட்டிகை சேருங்கள், கடினமாகப் பறக்கவிடாதீர்கள். அவ்வளவுதான்.

கிரிட் எனும் கல், சிப்பித் துணுக்குகள் கட்டாயமா?

கட்டாயம். பல் இல்லாத பறவைக்கு அரைவைப்பையில் கிடக்கும் கல்தான் அம்மி. சிப்பித்தூள் கரைந்து சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கும், முட்டை ஓட்டுக்கு அது வேண்டும். கருங்கல் மணி கரையாமல் கிடந்து அரைக்கும். இரண்டும் கலந்ததாக வாங்கி, நாள்தோறும் கொஞ்சமாக, காய்ந்த கிண்ணத்தில் வையுங்கள். ஈரமான கிரிட்டைப் புறா தொடாது.

சணல் விதை என்று வெளிநாட்டுக் கலவைகளில் வருகிறதே?

அது கஞ்சாச் செடியின் வகையைச் சேர்ந்த விதை. சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமை என்று எல்லாருக்கும் தெரியும். தேடிப் போகாதீர்கள், ஊரிலிருந்து வருபவர்களிடம் கொண்டுவரவும் சொல்லாதீர்கள். அது இல்லாமலேயே புறா நன்றாகப் பறக்கும். ஜொகூரிலிருந்து தீனி மூட்டை கொண்டுவர நினைத்தாலும், முதலில் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் புறா வைக்க நினைப்பவர்களும் அவர்களிடமும் வீவகவிடமும் கேட்ட பிறகே புறா வாங்குங்கள்.

சிந்தும் தீனியைத் தின்ன வெளிப்புறாக்கள் வருகின்றன. என்ன செய்வது?

சிந்தவிடாதீர்கள். வெளிப்புறாவுக்குத் தீனி போடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வரை. சட்டம் ஒருபுறம் இருக்க, வெளிப்புறா உங்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைத்தால் தொண்டைப்புண் நோய் உள்ளே வந்துவிடும். தீனியைக் கூண்டுக்குள், விளிம்புள்ள தட்டில், இருபது நிமிடம் மட்டும் வையுங்கள். மிச்சத்தை அள்ளி எடுத்தால் எலியும் வராது.

கலவை ஒத்துக்கொள்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் கூண்டைக் கூட்டும் முன் தரையைப் பாருங்கள். எச்சம் உருண்டையாக, பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு, துடைப்பம் பட்டதும் உருள வேண்டும். அதன்மேல் பஞ்சுபோல் சின்ன இறகு ஒன்று ஒட்டியிருந்தால் அப்பா சிரிப்பார். பச்சையாக நீர்த்திருந்தால் பட்டினி, அல்லது நோய்.

பிறகு புறாவைக் கையில் எடுங்கள். நெஞ்செலும்பை விரலால் தடவினால் எலும்பு தெரிய வேண்டும், ஆனால் கத்திமுனைபோல் குத்தக்கூடாது. இருபுறமும் தசை நிறைந்து, பிடித்த புறா பார்வைக்குத் தெரிவதைவிட இலேசாக இருந்தால் பந்தயத்துக்கு ஆயத்தம். படத்தைப் பார்த்து நான் சொல்லும் பதிலைவிட, வியாசர்பாடியில் உங்கள் தம்பியின் விரல் சொல்லும் பதில் சரியாக இருக்கும். இன்று இரவு பேசும்போது, புறாவைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.